அக்குள் வாடையில் என்ன ஆராய்ச்சி?

கேள்வி: பி.எஸ்சி. வேதியியல் கடைசி வருடம். டியோடரன்ட் போன்ற பொருட்களை உருவாக்கும் ஆராய்ச்சி வேலைக்குப் போக ஆசை. "அக்குளில் அடிக்கிற சென்ட்டுக்கு ஆராய்ச்சியா?" என்கிறார் அப்பா. போகலாமா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: தாராளமாகப் போங்கள். மே மாத மதியம் காட்பாடி ஸ்டேஷனில் கூட்டத்தோடு நின்ற யாருக்கும் இது சின்ன விஷயமாகத் தெரியாது.

வேர்வைக்கு அநேகமாக வாடையே கிடையாதும்மா. அக்குளில் வாழும் கோரினிபாக்டீரியம் போன்ற பாக்டீரியாக்கள் அதிலுள்ள பொருட்களை உடைக்கும்போது உண்டாகும் அமிலங்களும் கந்தகச் சேர்மங்களும்தான் நாறுகின்றன, அதுவும் கந்தகச் சேர்மம் துளியூண்டு இருந்தாலே போதும். டியோடரன்ட் அந்த பாக்டீரியாவை அடக்கி, வாடையை மறைக்கும், வேர்வையை நிறுத்தாது. நிறுத்துவது ஆன்டிபெர்ஸ்பிரன்ட். அதிலிருக்கும் அலுமினிய உப்பு வேர்வையில் கரைந்து, சுரப்பியின் வாயில் கூழாகி அடைத்துக்கொள்ளும். வெள்ளைச் சட்டையின் கைக்குழியில் மஞ்சள் கறை படிவதற்கும் பெரும்பாலும் அந்த உப்புதான் காரணம். சலூனில் ஷேவ் செய்ததும் ஈரக் கன்னத்தில் தேய்க்கும் படிகாரமும் அலுமினிய உப்புதான், அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

வேலை பொறுமையைக் கேட்கும். ஒரே கலவையை நூறு விதமாக மாற்றி, 40 டிகிரி சூட்டில் மாதக்கணக்கில் வைத்து, பிரிகிறதா, நிறம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. படிக்க ஜாம் தேர்வு, பிஎச்.டி. உதவித்தொகைக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட். அப்புறம், கொஞ்சம் நுண்ணுயிரியலும் படித்து வையுங்கள்.