மூன்றாவது பாடம் எது? வாசகர் கேள்வி – பதில்

ஓஎல் (சாதாரண தரப் பரீட்சை) முடிவு வந்தால் இந்தப் பக்கத்துக்கு வருகிற கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், ஏஎல்லுக்கு (உயர்தரத்துக்கு) எடுப்பது பயோவா மட்ஸா, அதாவது உயிரியல் பிரிவா கணிதப் பிரிவா. இந்த முறை நாலு கடிதங்களை எடுத்திருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 8ஏ, 1பி. கணிதம், விஞ்ஞானம் இரண்டும் ஏ. கணக்குச் செய்யத்தான் எனக்கு விருப்பம். ஆனால் வீட்டில் எல்லாரும் பயோ எடு, பொம்பிளைப் பிள்ளைக்கு அதுதான் நல்லது என்கிறார்கள். முல்லைத்தீவு மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளி (பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டிய ஆகக் குறைந்த புள்ளி) குறைவு, மெடிசின் கட்டாயம் கிடைக்கும் என்று மாமா சொல்கிறார். என்ன செய்ய?
– மாணவி, ஒட்டுசுட்டான்

மகள், பயோ, மட்ஸ் என்று சொல்லும்போது இரண்டும் இரண்டு வேறு உலகம் மாதிரித் தெரியும். பார்த்தால் வித்தியாசம் ஒரே ஒரு பாடம்தான். இரசாயனவியலும் பௌதிகவியலும் இரண்டு பக்கத்துக்கும் பொது, பரீட்சையில் இரண்டு பிரிவுப் பிள்ளைகளும் அதே வினாத்தாளைத்தான் எழுதுகிறார்கள். மூன்றாவது பாடம் உயிரியலா இணைந்த கணிதமா என்பதை மட்டும்தான் நீங்கள் தெரிவு செய்கிறீர்கள். கணக்குக்குப் பயந்து பயோவுக்கு வருகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குக் கவலைதான் வரும், ஏனென்றால் பௌதிகவியல் அவர்களை விடப்போவதில்லை. கல்குலேட்டரும் கொண்டுபோக முடியாது, பத்தின் அடுக்கு, மடக்கை எல்லாம் கையாலேயே செய்ய வேண்டும்.

உங்கள் ஓஎல் ஏயை வைத்து முடிவெடுக்க வேண்டாம். 75 எடுத்தாலும் ஏ, 98 எடுத்தாலும் ஏ, அந்த எழுத்துக்கு இரண்டும் ஒன்றுதான். கணிதத் தாளில் கடைசிக் கணக்கு வரைக்கும் விளங்கிச் செய்தீர்களா, இல்லை பழைய வினாத்தாள் செய்து செய்து கை பழகி எழுதினீர்களா என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

இப்படிச் செய்து பாருங்கள். வீட்டுக் கிணற்றில் கப்பியில் தண்ணீர் அள்ளுகிறீர்கள். வாளி 2 கிலோ, தண்ணீர் 10 லீற்றர், அதாவது 10 கிலோ. வாளி மேலே வரும்போது அதன் வேகம் ஒவ்வொரு செக்கனுக்கும் செக்கனுக்கு அரை மீற்றர் வீதம் கூடுகிறது. கயிற்றில் இழுவை எவ்வளவு? திணிவு 12 கிலோகிராம், புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 என்று எடுத்தால் நிறை 120 நியூற்றன், ஆர்முடுக வைக்க இன்னும் 6, ஆக 126 நியூற்றன். விடை வந்ததா வரவில்லையா என்பது இப்போதைக்கு முக்கியமில்லை. இதை வாசித்தவுடன் வாளியைக் கீறி மேலே ஓர் அம்புக்குறி, கீழே ஓர் அம்புக்குறி போட உங்கள் கை போனதா, அல்லது எந்தச் சமன்பாட்டில் போடுவது என்று கொப்பியைத் தேடினீர்களா? வாளி ஒரே வேகத்தில் வந்தால் இழுவை எவ்வளவு, கயிறு அறுந்தால் என்ன நடக்கும் என்று நீங்களாகவே கேட்டீர்களா? கேட்டீர்கள் என்றால் இணைந்த கணிதம் உங்களுக்குச் சுமையாக இருக்காது. அதில் இரண்டு வினாத்தாள், ஒன்று தூய கணிதம், மற்றது பிரயோக கணிதம். ஒவ்வொன்றிலும் சின்னக் கேள்வி பத்தும் கட்டாயம் செய்ய வேண்டும், பெரிய கேள்வி ஏழில் ஐந்து செய்ய வேண்டும். நாள் தவறாமல் கொப்பியில் செய்கிற பிள்ளைக்கு வரும், வாசித்து மட்டும் விட்டால் வராது.

அதே போல அடுத்த நாள் உயிரியல் பாடத்தில் சிறுநீரகம் இருக்கிற பகுதியை எடுத்து ஒரு மணித்தியாலம் வாசியுங்கள். சிறுநீரகத்துக்குள் வடிகட்டுகிற நுண்குழாயான சிறுநீரகத்தியைப் பார்க்காமல் கீறுங்கள், வடிகட்டின தண்ணீர் எங்கே திரும்ப உறிஞ்சப்படுகிறது, ஏன் என்று தங்கச்சிக்குச் சொல்வது போல உங்கள் சொல்லிலேயே சொல்லிப் பாருங்கள். அனுராதபுரம், பொலநறுவைப் பக்கமும் எங்கள் வவுனியாவிலும் காரணம் சரியாகப் பிடிபடாத சிறுநீரக நோய் எத்தனை விவசாயக் குடும்பங்களைப் படுத்துகிறது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது ஏன் வருகிறது என்று அறியாமல் இருக்க முடியவில்லை என்றால் உங்களுக்குள் உயிரியல் இருக்கிறது. பத்து நிமிடத்தில் கண் கடிகாரத்துக்குப் போகிறது என்றால் டொக்டர் என்ற பேருக்காக இரண்டு வருடத்துக்கு மேல் இழுக்க முடியாது மகள். உயிரியலில் பாடமாக்க நிறைய இருக்கிறது, விருப்பம் இல்லாமல் அவ்வளவும் மனதில் நிற்காது.

இனி மாமா சொன்னது. பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் தீவளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் அந்த 16க்குள் வருகின்றன. அது சரிதான், மாமா சும்மா சொல்லவில்லை. ஆனால் அதே ஒதுக்கீடு பொறியியலுக்கும் இருக்கிறது என்பதை அவர் சொல்லவில்லை. அப்படியென்றால் வெட்டுப்புள்ளி எப்படிப் பயோவுக்குக் காரணமாகும்? பல்கலைக்கழகத்துக்குத் தெரிவு செய்யப் பார்க்கிற இசட் புள்ளியும் அப்படித்தான். அந்த வருடம் அந்தப் பாடத்தில் எல்லாரும் எடுத்த சராசரியில் இருந்து நீங்கள் எவ்வளவு மேலே நிற்கிறீர்கள் என்பதைத்தான் அது பார்க்கிறது, அதனால் கஷ்டமான பாடம் எடுத்து நட்டப்பட்டேன் என்று சொல்வதற்கு இடம் குறைவு. விரும்பிச் செய்கிற பாடத்தில்தான் சராசரியை விட்டு மேலே போகலாம்.

பொம்பிளைப் பிள்ளைக்கு எது நல்லது என்ற கதைக்கு நான் அப்பாவிடம் நேரேயே சொல்லுவேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடம் அறிவியல் நகரில் இருக்கிறது, மாங்குளம் வந்து ஏ9இல் ஏறினால் கிளிநொச்சி நகரத்துக்கு முன்னாலேயே வந்துவிடும். அங்கேதான் இடம் கிடைக்கும் என்றில்லை, மொறட்டுவையோ பேராதனையோ வரலாம். அங்கெல்லாம் எங்கள் பிள்ளைகள் படிக்கிறார்கள், பெண்பிள்ளைகளும்தான். அப்பாவைப் பக்கத்தில் இருத்தி இந்தக் கிணற்றுக் கணக்கைச் செய்து காட்டுங்கள். நீங்கள் கணக்குச் செய்யும்போது உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்று அவர் இன்னும் பார்த்திருக்க மாட்டார். உங்கள் கடிதத்தை மட்டும் வைத்துச் சொல்வதென்றால், மட்ஸ் எடுங்கள்.

கேள்வி: மகன் பயோ எடுத்து ஐந்து மாதம். பிசிக்ஸ் ஓடவில்லை, அதை விட்டுவிட்டு விவசாயம் எடுக்கப்போகிறேன் என்கிறான். நான் வயலில் படுகிற பாடு போதாதா, அதைப் படிக்க வேறு வேண்டுமா? மனம் கேட்கவில்லை.
– ஒரு தகப்பன், வவுனிக்குளம்

ஐயா, முதலில் கதவுகளைச் சொல்லிவிடுகிறேன். பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுத்தால் மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் மூன்றுக்கும் விண்ணப்பிக்க முடியாது. மகனுக்கு அதில் ஒன்றுதான் ஆசை என்றால் பாடத்தை மாற்ற விட வேண்டாம். ஆசை அது இல்லை என்றால் விவசாயப் பட்டப்படிப்புக்கு அவன் போகலாம். விவசாயபீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில்தான் இருக்கிறது.

ஆனால் பிசிக்ஸ் ஏன் ஓடவில்லை என்று கேட்டீர்களா? எங்கள் பக்கத்தில் இதற்குப் பாதி நேரம் காரணம் பிள்ளை இல்லை. ஆசிரியர் இடமாற்றத்தில் போய்விடுவார், அடுத்தவர் வர ஒரு தவணை போய்விடும், நடுவில் விட்ட அலகை யாரும் திரும்பத் தொடுவதில்லை, பிள்ளை தனக்கு மூளை இல்லை என்று நினைத்துக்கொள்ளும். நானே ஒரு வகுப்பை அப்படி நடுவில் பொறுப்பெடுத்தேன். காவிக் கணியம் (அளவோடு திசையும் உள்ளது) தெரியாமல் பிள்ளைகள் இயக்கவியலில் நின்றுகொண்டிருந்தார்கள், ஆறு பேர் ஏற்கனவே பாடத்தை விட்டுவிட்டார்கள். மூன்று கிழமை வேறு ஒன்றும் படிப்பிக்காமல் சைன், கோசைன், பத்தின் அடுக்கு, மடக்கை, வரைபின் சாய்வு இவ்வளவையும்தான் செய்தோம். பிறகு பாடம் தானாக நகர்ந்தது. விட்டுப்போன ஆறு பேரில் இரண்டு பேர் நல்ல பிள்ளைகள் என்பது எனக்கு இன்னும் மனதில் கிடக்கிறது.

அதனால் ஒரு மாதம் கொடுங்கள். அந்த அடிப்படைகளை யாரையாவது பிடித்துத் திருத்திக் கொடுங்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் உடனே மாற்ற விடுங்கள், இரண்டாம் வருடம் வரைக்கும் இழுத்தால் விவசாயத்தையும் முழுதாகப் படிக்க நேரம் இருக்காது.

நீங்கள் கடைசியாக எழுதியதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். விவசாய விஞ்ஞானம் பலவீனமான பிள்ளை எடுக்கிற பாடம் என்று அயலில் சொல்லுவார்கள், கேட்க வேண்டாம். மண்ணின் இழையமைப்பு, அமில காரத்தன்மை, பயிருக்கு எவ்வளவு தண்ணீர் எப்போது, பூச்சியின் வாழ்க்கை வட்டம், எல்லாம் அதற்குள் இருக்கிறது. மடைத்தலைப்பு வயலும் கடைவாய்க்கால் வயலும் ஒரே விளைச்சல் தருவதில்லை என்று உங்களுக்குக் கைப்பழக்கமாகத் தெரியும். அது ஏன், எப்படித் திருத்தலாம் என்று உங்கள் மகன் கற்றுவந்தால் அது சின்ன விடயமா ஐயா?

கேள்வி: மட்ஸ் எடுத்து கெமிஸ்ட்ரிக்குப் பதிலாக ஐசிடி (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம்) செய்யலாமா? கெமிஸ்ட்ரி என்றாலே பயம், மூல் கணக்கு விளங்கவேயில்லை. எனக்கு சொஃப்ட்வெயார் பக்கம் போக விருப்பம்.
– மாணவன், விசுவமடு

செய்யலாம் தம்பி. ஆனால் பொறியியற்பீடத்துக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும், ஐசிடி எடுத்தால் அந்தக் கதவு மூடும். கணினி சார்ந்த பல பட்டப்படிப்புகளுக்கு விண்ணப்பிக்கலாம். எந்தப் பட்டத்துக்கு எந்தப் பாடச் சேர்க்கை என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் வரிக்கு வரி இருக்கிறது, தமிழிலும் வருகிறது, கடைசியாக வந்ததை இறக்கி வாசியுங்கள். கூட்டாளி சொன்னான் என்று பாடம் தெரிவு செய்ய வேண்டாம். உங்கள் பாடசாலையில் ஐசிடிக்கு ஆசிரியர் இருக்கிறாரா, ஆய்வுகூடத்தில் இயங்குகிற கணினி எத்தனை என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயத்தினால் மட்டும் விடுவதாக இருந்தால் இதை ஒருக்கால் வாசியுங்கள். விதைநெல் ஆயிரம் மணி ஏறக்குறைய 25 கிராம் வரும். ஒரு கிலோ நெல்லில் எத்தனை மணி என்று கேட்டால் யாராவது எண்ணுவார்களா? நிறுத்துப் பார்த்துவிட்டு நாற்பதாயிரம் என்று சொல்லிவிடலாம். அணுவையும் எண்ண முடியாது, அதனால் நிறுக்கிறோம். நெல்லுக்கு ஆயிரம் என்று ஒரு கட்டு வைத்தது போல அணுவுக்கு 6.022 × 10²³ என்று ஒரு கட்டு, அதற்குப் பெயர் மூல். காபனில் அந்த ஒரு கட்டு 12 கிராம். அப்போ 36 கிராம் காபனில் எத்தனை மூல்? மூன்று என்று இப்போது உங்கள் வாயில் வந்திருக்கும். மூல் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது. இதை விளங்கின பிறகும் ஐசிடிதான் வேண்டும் என்றால் தாராளமாக எடுங்கள்.

கேள்வி: மகள் நல்லாய்ப் படிப்பாள், பயோ செய்ய ஆசை. எங்கள் ஊர்ப் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு இல்லை. கிளிநொச்சிக்கு விட வேண்டும், இல்லை என்றால் இங்கேயே கலைப்பிரிவு. கணவர் இல்லை, தூரத்தில் விடப் பயமாக இருக்கிறது, செலவும் பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், முழங்காவில் பக்கம்

அம்மா, உங்கள் பயம் நியாயமானது, சும்மா தைரியமாக அனுப்புங்கள் என்று எழுதிவிட்டு என்னால் போக முடியாது. கலைப்பிரிவும் மரியாதையான படிப்புத்தான், ஆனால் விஞ்ஞானம் படிக்க ஆசைப்படுகிற பிள்ளை பஸ் இல்லை என்பதற்காக அதை விடுவது எனக்கு ஏற்கவில்லை.

முடிவெடுக்க முதல் ஒருநாள் மகளையும் கூட்டிக்கொண்டு அந்தப் பாடசாலைக்குப் போங்கள். அதிபரிடம், உயிரியல், இரசாயனம், பௌதிகவியல் மூன்றுக்கும் இப்போது ஆசிரியர் நிற்கிறார்களா என்று நேரேயே கேளுங்கள், கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பிறகு வெளியே வந்து இரண்டாம் வருடம் படிக்கிற பிள்ளைகளிடமும் அதையே கேளுங்கள், அவர்கள் சொல்வதுதான் சரியாக இருக்கும். விடுதி இருந்தால் இரவில் படிக்க எத்தனை மணி வரை வெளிச்சம், யார் பொறுப்பு, கிழமைக்கு எத்தனை தரம் வீட்டுக்கு விடுவார்கள் என்று பாருங்கள். சொந்தக்காரர் வீடென்றால் சமையலும் சின்னப் பிள்ளைகளைப் பார்ப்பதும் மகளின் தலையில் விழாது என்பதை முதல் நாளே கதைத்துவிட வேண்டும். எத்தனையோ பிள்ளைகள் படிப்பில் தோற்றது அடுப்படியில்தான், நான் கண்டிருக்கிறேன்.

செலவில் பெரியது ரியூசன். மூன்று பாடத்துக்கும் முதல் நாளே காசு கட்ட வேண்டாம். ஒரு தவணை பாடசாலையில் படித்துப் பார்த்து, எதில் பின்னுக்கு நிற்கிறாளோ அதற்கு மட்டும் போகட்டும். உதவித்தொகை ஏதும் இருக்கிறதா என்று வலயக் கல்வி அலுவலகத்திலும் பிரதேச செயலகத்திலும் கேட்டுப் பாருங்கள்.

மருத்துவம் கிடைக்காவிட்டால் எல்லாம் வீண் என்று நினைக்க வேண்டாம். வவுனியாவில் இப்போது தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது, 2021இல் வளாகத்தில் இருந்து பல்கலைக்கழகமானது, பிரயோக விஞ்ஞான பீடம் அங்கே உண்டு. வவுனியாவிலேயே தேசிய கல்வியியற் கல்லூரியும் இருக்கிறது. அங்கே பயின்று விஞ்ஞான ஆசிரியராக உங்கள் ஊர்ப் பாடசாலைக்கே மகள் திரும்பி வரலாம்.

போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள் அம்மா. எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்று சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அதைப் பார்த்து அடுத்த இதழில் மிச்சத்தைச் சொல்கிறேன்.