16 லட்சத்தைக் கட்டுவதற்கு முன்

அம்மா, பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் நன்றாக மார்க் எடுத்த மகளை ஏஐ படிப்பில் சேர்க்காவிட்டால் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்று பயந்து கடிதம் எழுதியிருக்கிறீர்கள். சொல்கிறவர்கள் சொல்லட்டும். நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 16 லட்சம், அதற்கு வீட்டுப் பத்திரம் அடமானம் என்று உங்கள் கொழுந்தனார் போட்ட கணக்கை நான் ஏற்கவே மாட்டேன். தவணை கட்டப்போவது அவரல்ல. கெட்டுப்போன மிக்சியைக் கழற்றும்போது எந்த ஸ்க்ரூ எங்கே இருந்தது என்று நோட்டில் குறித்துக்கொள்கிற பெண் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குணத்துக்கு நேராகப் பொருந்துவது இன்ஸ்ட்ருமென்டேஷன் அண்ட் கண்ட்ரோல், அதாவது ஆலைகளின் அளவிடும் கருவிகளையும் தானியங்கிக் கட்டுப்பாட்டையும் பற்றிய பொறியியல் படிப்பு.

மருத்துவம், ஐடி, வங்கித் தேர்வு பற்றி உங்களுக்கே தெரியும். இந்த வேலையைத்தான் யாரும் விளக்குவதில்லை.

அனல்மின் நிலையம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை போல நிற்கக்கூடாத இடங்களில், இயந்திரங்களை ஓட்டும் கணினியான கண்ட்ரோலர் இரட்டையாக இருக்கும். சீமென்ஸ் எஸ்7-400எச் ஓர் உதாரணம்: இரண்டு சிபியு (கண்ட்ரோலரின் மூளை), அவற்றை இணைக்க இரண்டு ஃபைபர் கேபிள். ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்டாண்ட்பை. ஒன்று படுத்துவிட்டால் மற்றது தொடர்ந்து ஓட்டும். ஆபத்தும் அங்கேதான். ஆலை வழக்கம்போல ஓடுவதால், பேனலுக்குள் ‘இரட்டைப் பாதுகாப்பு போய்விட்டது’ என்று காட்டும் ஆர்இடிஎஃப் விளக்கு எரிவதை யாரும் பார்க்காமல் விட்டுவிடுவார்கள். அடுத்த பழுதைத் தாங்க ஆள் இருக்காது, ஆலை டிரிப் ஆகி நின்றுவிடும்.

விளக்கு எரிந்ததும் பவரை அணைத்துப் போடுவது அரைகுறை வேலை. முதலில் இரண்டு சிபியுவின் டயக்னஸ்டிக் பஃபரையும், அதாவது பழுதுச் செய்திகள் பதிவாகும் நினைவகத்தையும், தனித்தனியாகப் படித்து ஃபைலாகச் சேமிக்க வேண்டும். அது சுழலும் பதிவேடு. நிரம்பினால் பழைய பதிவின் மேல் புதியது எழுதப்படும். எங்கோ ஒரு லூஸ் டெர்மினல் (தளர்ந்த வயர் இணைப்பு) விட்டுவிட்டுத் தொட்டால்கூடப் போதும், ‘வந்தது, போனது’ என்று அதன் செய்திகளே குவிந்து உண்மைக் காரணத்தை வெளியே தள்ளிவிடும். பட்டியலின் தலையில் நிற்பது கடைசியாக நடந்தது. தேட வேண்டியது கீழே, முதலில் விழுந்த பதிவை. கடிகார நேரம் ஆலையின் மற்ற சிஸ்டங்களோடு ஒத்துப்போகாவிட்டால் எது முதலில் நடந்தது என்பதே தலைகீழாகும். அதனால் நேர ஒத்திசைவையும் சரிபார்க்க வேண்டும்.

சிபியுவை மாற்றினால் ஆர்டர் எண்ணும் ஃபர்ம்வேர் (உள்ளே பதிந்த மென்பொருள்) பதிப்பும் ஜோடியோடு ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையேல் சேராது. ஃபைபரை மாட்டாமல் பவர் போட்டால் இரண்டுமே தன்னை மாஸ்டர் என்று நினைத்து ஓடக்கூடும். எல்லாம் முடிந்ததும் தேதி, ரேக் (கார்டுகள் மாட்டும் சட்டம்), ஸ்லாட் (அதில் கார்டின் இடம்), நிகழ்வு எண், மாற்றிய பாகத்தின் சீரியல் எண் ஆகியவற்றைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அதே ஸ்லாட் மறுபடி மறுபடி வந்தால் பழுது கார்டில் இல்லை, வயரிங்கிலோ பேனல் சூட்டிலோ இருக்கிறது என்று அந்தப் பதிவேடுதான் காட்டிக்கொடுக்கும். மிக்சிக்கு நோட்டுப் போடுகிற பெண்ணுக்கு இதெல்லாம் சலிக்காது.

மறைக்காமல் சொல்கிறேன்: ஷிப்ட் உண்டு, இரவு அழைப்பு உண்டு, தொடக்கத்தில் ஒப்பந்த வேலையாகவும் இருக்கலாம். இவற்றை அவளிடமே சொல்லிக் கேளுங்கள், உங்கள் கொழுந்தனாரிடம் அல்ல.

கட் ஆஃப் இடம்கொடுத்தால் பொதுக் கலந்தாய்வில் அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்ஐடி. ஜேஇஇ மெயின் எழுதியிருந்தால் திருச்சி என்ஐடியும் பார்க்கலாம். இல்லையென்றால் அரசு பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு டிப்ளமோ, பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டு. அதற்கு வீட்டுப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கலாம். எந்தக் கல்லூரியானாலும் ஆய்வகத்துக்குப் போய்ப் பாருங்கள். மோட்டாரை ஓட்டி நிறுத்துவதோடு முடிகிறதா, வேண்டுமென்றே வயரைக் கழற்றிவிட்டு மாணவரைப் பழுது கண்டுபிடிக்கச் சொல்கிறார்களா என்று கேளுங்கள். அந்தப் பதில் வரும்வரை எங்கேயும் டோக்கன் அட்வான்ஸ் கட்டாதீர்கள்.