பாஸ் மீனுக்கு எந்த லூர்? முதலில் அந்த 200 துண்டுப் பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள்

கேள்வி: டல்லாஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். போன கோடையிலிருந்து லூயிஸ்வில் ஏரிக் கரையில் தூண்டில் போடுகிறேன். மண்புழு போட்டால் உள்ளங்கை அளவு சன்ஃபிஷ் வருகிறது, பாஸ் ஒன்றுகூட இல்லை. சென்ற வாரம் ஆன்லைனில் 200 துண்டு லூர் (செயற்கை இரை) பெட்டி ஒன்று வாங்கினேன். எந்தக் காலத்தில் எதைப் போடுவது, என்ன ராடு வாங்குவது என்று குழப்பமாக இருக்கிறது. ஏப்ரலில் அப்பா மதுரையிலிருந்து வருகிறார், வயது 68. அவரையும் அழைத்துப்போக ஆசை. அவருக்கு சீனியர் லைசென்ஸ் மலிவாகக் கிடைக்குமா?

பதில்: பெட்டியைக் கலைக்காமல் வைத்திருந்தால் இன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். அந்த 200 எப்படி வந்தது என்று எண்ணிப் பாருங்கள். முள், ஈயக்குண்டு, வளையம், பாசிமணி எல்லாம் தனித்தனித் துண்டாகக் கணக்கில் சேர்ந்திருக்கும். லூர் என்று சொல்லத்தக்கவை கொஞ்சம்தான். அவற்றில் மாட்டியிருக்கும் மூன்று முனை முட்கள் பெரும்பாலும் மெல்லிய கம்பி. இரண்டு கிலோ பாஸ் ஒன்று ஒரு முறை திமிறினால் நிமிர்ந்துவிடும். போதாததற்கு ரப்பர் புழுக்களையும் கெட்டி பிளாஸ்டிக் லூர்களையும் ஒரே தட்டில் கலந்து வைத்திருப்பார்கள். வெயிலில் நிற்கும் காரில் அந்தப் பெட்டி இருந்தால் ரப்பர் உருகி மற்றதோடு ஒட்டிக்கொள்ளும். புதிதாக வருகிறவர்களுக்கு எது தேவை என்று தெரியாது என்பதை நன்றாகத் தெரிந்துகொண்டு விற்கிற சரக்கு இது. மாதாமாதம் வீட்டுக்கு வரும் லூர் சந்தாவும் இதே வகைதான். ஜனவரியில் தவளை லூர் வந்து சேரும், அதை வைத்து என்ன செய்வீர்கள்?

சரி, காலத்துக்கு வருவோம். பாஸ் எதைத் தின்கிறது என்பதைவிட, எங்கே நிற்கிறது, இரையை எவ்வளவு வேகமாகத் துரத்துகிறது என்பதைத்தான் காலம் அதிகம் மாற்றுகிறது. மீனின் உடல் சூடு தண்ணீரின் சூட்டோடு ஏறி இறங்குவது. குளிர்ந்த நீரில் அதற்கு வேகம் இல்லை, பசியும் குறைவு. ஆகவே புது லூர் வாங்குமுன் ஒரு சாதாரண நீர் வெப்பமானி வாங்குங்கள். டெக்சாஸில் பிப்ரவரியில் ஒரு வாரம் சட்டையோடு நடக்கலாம், அடுத்த வாரம் பனிக்கட்டி விழும். நாள்காட்டியைப் பார்த்து லூர் மாற்றுகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

உங்களுக்கு முக்கியமானது வசந்தம். தண்ணீர் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியதும் பாஸ் ஆழத்திலிருந்து கரைப்பக்கம் நகரத் தொடங்கும். 60 முதல் 65 டிகிரிக்குள் வந்ததும் முட்டையிடும். வட டெக்சாஸில் அது பெரும்பாலும் மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும். வடக்குக் காற்று படாத சிறு குடாவில், கெட்டியான தரையில், இடுப்பளவுத் தண்ணீரில் குழி பறித்துக்கொண்டு நிற்கும். படகு இல்லாமல் கரையில் நிற்பவருக்கு வருடத்தில் இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது.

அதற்கு முந்தைய வாரங்களில், 50 முதல் 60 டிகிரி வரை, சிவப்பு நண்டு நிறத்தில் அரை அவுன்ஸ் லிப்லெஸ் கிராங்க்பெய்ட் போதும், மீன் வடிவக் கெட்டி பிளாஸ்டிக் லூர் அது. கல் அடுக்கிய கரையோரம் வீசி, அடியைத் தொடவிட்டு இழுங்கள். 60ஐத் தாண்டியதும் அதை வைத்துவிட்டு ஐந்து அங்குல ஸ்டிக் வொர்ம் எடுங்கள். ஒரு ரப்பர் குச்சி, அவ்வளவுதான் அது. நடுவில் ஒரு ரப்பர் வளையம் மாட்டி, அதற்குள் 1/0 அளவு முள்ளைக் கோத்தால் இரண்டு முனையும் தொங்கும். ஈயமே வேண்டாம். வீசிவிட்டு ரீலைத் தொடாதீர்கள். அது ஆடிக்கொண்டு மெல்ல இறங்கும்போதுதான் மீன் எடுக்கும். கையில் இழுப்பு தெரியும் என்று காத்திருக்காமல் தூண்டில் நரம்பையே பாருங்கள். பக்கவாட்டில் நகர்ந்தாலோ, இறங்கிக்கொண்டிருந்தது திடீரென்று நின்றாலோ, தொய்வை வாங்கிக்கொண்டு தூக்குங்கள். புதியவர்கள் மீன் இழப்பது லூர் தவறு என்பதால் அல்ல, ரீலைச் சுற்றிக்கொண்டே இருப்பதால்தான். குழியில் காவல் நிற்பது ஆண் மீன். அதைப் பிடித்தால் படம் எடுக்க நேரம் கடத்தாமல் அங்கேயே விட்டுவிடுங்கள். அது இல்லாத நேரத்தில் சன்ஃபிஷ் கூட்டம் முட்டையைத் தின்றுவிடும்.

கோடையில் மேல்தண்ணீர் 85 டிகிரியைத் தாண்டிவிடும். விடிந்த முதல் ஒரு மணி நேரம் தண்ணீர் மேல் சப்தமிடும் பாப்பர். அப்புறம் படகுத்துறை நிழல், பாலத்தூண் நிழல். அங்கே டெக்சாஸ் ரிக்: கால் அவுன்ஸ் தோட்டா ஈயம், கழுத்துப் பகுதி வளைந்த 3/0 ஆஃப்செட் முள், ஏழு அங்குலப் புழு, முள்ளின் முனை புழுவுக்குள்ளேயே புதைந்திருக்க வேண்டும். அப்படிக் கோத்தால் கிளையிலும் பாசியிலும் மாட்டாது. பத்து மணிக்கு மேல் வீட்டுக்குப் போய்விடுங்கள்.

அக்டோபரில் ஷாட் என்கிற சிறு மீன் கூட்டம் ஓடைமுகங்களுக்குள் நுழையும், பாஸ் அதைத் துரத்தி வரும். வசந்தத்தில் வைத்துவிட்ட லிப்லெஸ் கிராங்க்பெய்ட்டையே வெள்ளி நிறத்தில் எடுங்கள். குளிர்காலத்தில் 50க்குக் கீழே போனால் சின்ன ஜிக், அதாவது தலையில் ஈயம் வார்த்த முள். மத்தியான வெயில் பட்ட கற்களின் ஓரம், தரையோடு, பொறுமை சோதிக்கும் வேகத்தில் இழுக்க வேண்டும்.

நிறத்தில் மனதை அலட்டிக்கொள்ள வேண்டாம். தெளிந்த நீருக்குப் பையில் கிரீன் பம்ப்கின் என்று போட்டிருக்கும் பச்சை, மழைக்குப் பின் கலங்கிய நீருக்குக் கறுப்பும் நீலமும் கலந்தது. கடைச் சுவரில் தொங்கும் மற்ற நாற்பது நிறங்களுக்கு உங்கள் காசு போக வேண்டியதில்லை. தண்ணீருக்குள் மீனைத் திரையில் காட்டும், படகில் மாட்டும் நேரலை சோனார் பற்றி யாராவது ஆசை காட்டினால் காதில் வாங்காதீர்கள். கரையில் நிற்பவருக்கு அது எதற்கு?

ராடு ஒன்று போதும். ஏழு அடி, மீடியம் பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன், ஸ்பின்னிங் வகை. 2500 அளவு ரீல். வீசும்போது நரம்புருளையே சுழலும் பெய்ட்காஸ்டர் ரீல் வேண்டவே வேண்டாம். பழகாத கையில் நரம்பு சிக்கு விழுந்து அன்றைய பொழுது அதைப் பிரிப்பதிலேயே போய்விடும். ரீலோடு சேர்த்துச் சுற்றிக் கொடுக்கும் மலிவு நரம்பை எடுத்துவிட்டு நல்ல 10 பவுண்டு மோனோ (ஒற்றையிழை நைலான் நரம்பு) சுற்றுங்கள், வருடம் ஒருமுறை மாற்றுங்கள். பெட்டியில் போட்ட பணத்தை முள்ளிலும் நரம்பிலும் போட்டிருந்தால் உங்கள் கதை இன்று வேறாக இருந்திருக்கும்.

இனி லைசென்ஸ். இதில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், இந்த விதிகளும் ஏமாறுவதற்கு வசதியாகவே எழுதப்பட்டிருக்கின்றன. தேடுபொறியில் லைசென்ஸ் என்று அடித்தால் மேலே வருவதெல்லாம் அரசுத் தளம் இல்லை. சேவைக் கட்டணம் என்று தனியாகப் பிடுங்கும் தரகர்கள் இருக்கிறார்கள். டெக்சாஸ் பார்க்ஸ் அண்ட் வைல்டுலைஃப் துறையின் சொந்தத் தளத்தில் வாங்குங்கள், அல்லது வால்மார்ட், அகாடமி மாதிரிக் கடைகளின் கவுன்டரில் கேளுங்கள். நீங்கள் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து டெக்சாஸில் வசித்தவர் என்றால் குடியிருப்போர் நன்னீர் லைசென்ஸ் 30 டாலர். ஆனால் வழக்கமான லைசென்ஸ் எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் 31ஆம் தேதி காலாவதி. ஜூலையில் முழுக் காசு கொடுத்து வாங்குகிறவருக்குக் கிடைப்பது சில வாரம்தான். இந்த ஒரு வரியைப் பெரிய எழுத்தில் முதலிலேயே போட ஏன் மனம் வரவில்லையோ.

வழிகாட்டி வைத்துப் படகில் போனாலும் உங்களுக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். காசு வாங்கிக் கூட்டிப்போகிறவர் வழிகாட்டி உரிமம் வைத்திருக்க வேண்டும். முன்பணம் கேட்டவுடன் அனுப்பாமல் அதைக் காட்டச் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு சீனியர் லைசென்ஸ் கிடைக்காது. அந்தச் சலுகை டெக்சாஸில் குடியிருக்கும் முதியவர்களுக்கு மட்டும். விருந்தினராக வருகிறவர் 68 வயதானாலும் வெளியூர்க்காரர்தான். ஒரு நாள் லைசென்ஸ் 16 டாலர், முழுப் பருவத்துக்கு 58. ஆனால் அவருக்குப் பொருந்தும் விலக்கு ஒன்று இருக்கிறது, அதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். டெக்சாஸ் மாநிலப் பூங்காவுக்குள் கரையிலோ துறைமேடையிலோ நின்று பிடித்தால் யாருக்கும் லைசென்ஸ் தேவையில்லை. ஸ்டேட் பார்க் என்று பெயர்ப்பலகை இருக்கும் இடம் மட்டும்தான் கணக்கு. நகராட்சிப் பூங்கா சேராது. ராணுவப் பொறியாளர் பிரிவின் பூங்காக்களும் சேராது. ஆகவே நீங்கள் வழக்கமாக நிற்கும் லூயிஸ்வில் கரையில் இது செல்லாது. ரே ராபர்ட்ஸ் ஏரியின் ஐல் டு பாய் பகுதியில் செல்லும், ஜோ பூல் ஏரியின் சீடர் ஹில் பூங்காவில் செல்லும். அதே ஏரியில் பூங்கா எல்லையைத் தாண்டி நடந்து நின்றால் செல்லாது. பூங்காவிலிருந்து படகில் ஏறி ஏரிக்குள் போனாலும் செல்லாது. நுழைவுக் கட்டணம் உண்டு, வார இறுதி என்றால் முன்பதிவு செய்யாமல் போய் வாசலில் நிற்காதீர்கள். பிடிக்கும் அளவு விதிகளுக்கும் விலக்கு இல்லை. பொதுவாக 14 அங்குலத்துக்குக் குறைந்த லார்ஜ்மவுத் பாஸை (இதுவரை பாஸ் என்று சொன்னது இதைத்தான்) தண்ணீரில் விட்டுவிட வேண்டும், ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. லேக் ஃபோர்க் போன்ற சில ஏரிகளில் கணக்கே வேறு, போகுமுன் அந்த ஏரியின் பெயரைப் போட்டுப் பாருங்கள்.

அவருக்காக இன்னொரு ராடு வாங்க வேண்டாம். சில மாநிலப் பூங்காக்களில் ராடும் முள்ளும் தக்கையும் இலவசமாக இரவல் தருகிறார்கள், ஏழு நாள்வரை வைத்திருக்கலாம். முதலில் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்கு இரவல் ராடில் சிறிய முள், தக்கை, மண்புழு கட்டிக் கொடுங்கள். சன்ஃபிஷ் விடாமல் கடிக்கும், சும்மா உட்காரும்படி இருக்காது. பக்கத்தில் நின்று நீங்கள் ஸ்டிக் வொர்மை வீசுங்கள்.