புரிந்தால்தான் மருத்துவக் காப்பீடு எடுக்கிறார்களா?

மருத்துவக் காப்பீடு பற்றிய புரிதலுக்கும் அதை எடுக்கிற முடிவுக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையவே இருக்கிறது, ஆனால் புரிந்தவர் எடுப்பார், புரியாதவர் எடுக்கமாட்டார் என்று அவ்வளவு நேராக இல்லை.

புரியாமலே வைத்திருப்பவர்கள் ஏராளம். 2013இல் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் குழு வெளியிட்ட ஆய்வில், தனியார் காப்பீடு வைத்திருந்த அமெரிக்கர்களிடம் டிடக்டபிள் (காப்பீடு தரத் தொடங்குமுன் நாமே கட்டவேண்டிய தொகை), கோ-பே (ஒரு சிகிச்சைக்கு நாம் கட்டும் நிலையான தொகை), கோ-இன்ஷூரன்ஸ் (மீதி பில்லில் நம் சதவீதப் பங்கு), கைச்செலவின் உச்சவரம்பு (ஒரு வருடத்தில் நம் கையிலிருந்து போகக்கூடிய அதிகபட்சம்) ஆகிய நான்கு அடிப்படை விஷயங்களைக் கேட்டார்கள். நான்குக்கும் சரியாகச் சொன்னவர்கள் 14 சதவீதம்தான்.

என் மாமா பல வருடம் எடுக்காமலே இருந்தார். "பத்து வருஷம் கட்டி ஒரு நாள்கூட ஆஸ்பத்திரிக்குப் போகலைன்னா அத்தனையும் போச்சுதானே?" என்பார். கஞ்சத்தனம் இல்லை, அதை அவர் சேமிப்புக் கணக்கு மாதிரி பார்த்தார், போட்டது திரும்பி வரவேண்டும். எல்லோரும் கட்டுகிற பிரீமியத்திலிருந்துதான் நோயில் விழுந்த சிலருடைய பில் போகிறது, அந்தச் சிலரில் நாளைக்கு நாமும் இருக்கலாம் என்று எத்தனை முறை சொன்னாலும் தலையாட்டுவார், அவ்வளவுதான்.

ஒரு நாள் பழைய கவரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். பில் 100 என்று வைத்துக்கொண்டோம். டிடக்டபிள் 10, அது முதலில் நம் கையிலிருந்து. மீதி 90இல் 20 சதவீதம் நம் பங்கு, அதாவது 18. ஆக நமக்கு 28, கம்பெனிக்கு 72. "முழுசையும் அவங்க தருவாங்கன்னுல்ல நினைச்சேன்" என்று முகம் சுருங்கியது. கொஞ்ச நேரம் அந்த 28ஐயே பார்த்துவிட்டு, "சரி, 28ன்னா சமாளிச்சிடலாம், 100ன்னா வீட்டை விக்கணும்" என்றார். குறையைச் சொன்னால் வேண்டாம் என்றுவிடுவாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். அவருக்கு நம்பிக்கை வந்ததே அங்கேதான்.

நோய் வந்தால் அப்போது எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதும் புரியாததால்தான். பல பாலிசிகளில் ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு, அது முடியும்வரை அந்த நோய்க்கு க்ளெய்ம் கிடையாது.

அப்புறம், மறைப்பது. மாமாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு, சொன்னால் பிரீமியம் ஏறும் என்று படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடப் பார்த்தார். மறைத்தது பின்னால் தெரிந்தால் க்ளெய்மே நிராகரிக்கப்படலாம் என்ற விதியை வரி வரியாகப் படித்துக் காட்டினேன். பேனாவை என்னிடமிருந்து வாங்கி, எந்த வருடத்திலிருந்து மாத்திரை சாப்பிடுகிறார் என்பது வரை அவரே எழுதினார்.