பசி டானிக் கொடுக்கலாமா?

கேள்வி: என் தகப்பனாருக்கு வயது 76. ஆறு மாதங்களுக்கு முன் 58 கிலோ இருந்தவர், இப்போது 53 கிலோதான் இருக்கிறார். தட்டில் வைத்ததில் பாதியைக்கூடத் தொடாமல், பசியில்லை என்று எழுந்துவிடுகிறார். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். மருந்துக்கடையில் சொல்லிப் பசி டானிக் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். அன்றிலிருந்து பகலெல்லாம் தூங்கி வழிகிறார். தொடரலாமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம். புட்டியின் மேலுள்ள சீட்டைப் படித்துப் பாருங்கள். அதில் பெரும்பாலும் சைப்ரோஹெப்டடின் என்று இருக்கும். அது உண்மையில் ஒவ்வாமைக்கான மருந்து. முதியவர்களிடம் அது தூக்கக் கலக்கத்தையும் மனக்குழப்பத்தையும் உண்டாக்குவதோடு, புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்குச் சிறுநீர் அடைப்பையும் வரவழைக்கலாம். மலச்சிக்கலும் சேர்ந்துகொண்டால், இருக்கிற கொஞ்சப் பசியும் போய்விடும்.

வயதாகும்போது மோப்பமும் சுவையும் மங்குவதும், இரைப்பை மெதுவாகக் காலியாவதால் சிறிது உண்டதுமே வயிறு நிறைந்தாற்போலத் தோன்றுவதும் இயல்பு. ஆனால் ஆறு மாதத்தில் ஐந்து கிலோ என்பது உடல் எடையில் ஏறத்தாழ 9 சதவீதம். ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் 5 சதவீதம் குறைந்தாலே காரணத்தைத் தேட வேண்டும் என்பது மருத்துவர்களின் கணக்கு. ஆகவே வயதின் மேல் பழியைப் போட்டு இதை விட்டுவிடக் கூடாது.

மருத்துவர் முதலில் வாயைத் திறக்கச் சொல்வார். தளர்ந்துபோன பல்செட், சர்க்கரை நோயாளிகளின் நாக்கில் வெள்ளையாகப் படியும் பூஞ்சைத் தொற்று ஆகியவை வீட்டில் யார் கண்ணிலும் படாமல் உணவைத் தடுத்துக்கொண்டிருக்கும். அடுத்தது மருந்துப் பை: மெட்ஃபார்மின், இரும்புச்சத்து மாத்திரை, இதய நோய்க்கான டிகாக்சின் முதலியவை குமட்டலை ஏற்படுத்திப் பசியைக் கெடுக்கக் கூடியவை. ஆனாலும் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். அளவைக் குறைப்பதா, மாற்றுவதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். இரத்தத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, உப்பு, சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு ஆகியவற்றைப் பார்ப்பதோடு மார்பு எக்ஸ்ரேயும் எடுப்பார்கள், ஏனெனில் முதியவர்களிடம் காசநோய் இருமலோ காய்ச்சலோ பெரிதாக இல்லாமல் எடையிழப்பாக மட்டுமே தலைகாட்டுவதுண்டு. மனச்சோர்வைப் பற்றியும் கேட்பார்கள். துணையை இழந்து தனியே உண்பவர்கள் பலர் அதைத் துக்கம் என்று சொல்வதில்லை; உங்கள் தகப்பனாரைப்போல, பசியில்லை என்றுதான் சொல்வார்கள். மனச்சோர்வு உறுதியானால், அதற்கான மருந்துகளில் பசியையும் சற்று மீட்கும் மிர்ட்டசபைனை மருத்துவர் தேர்ந்தெடுக்கக்கூடும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, நம் வீடுகளில் பத்தியம் என்ற பெயரில் உப்பும் உறைப்பும் இல்லாத கஞ்சியை மூன்று வேளையும் நீட்டுகிறோம். அதை யார்தான் விரும்பி உண்பார்கள்? எடை குறைந்துவரும் முதியவருக்கு இந்தக் கட்டுப்பாடுகளை எவ்வளவு தளர்த்தலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் நாளொன்றுக்கு 55 முதல் 60 கிராம் வரை புரதம் சேர வேண்டும். முட்டை, மீன், தயிர், பருப்பு ஆகியவற்றைச் சிறிது சிறிதாக ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். சத்துமாவுக் கஞ்சியோ சத்து பானமோ கொடுப்பதானால் இரு வேளை உணவுக்கு நடுவில் கொடுங்கள்.

விழுங்கும்போது தடை, கருநிற மலம், ஓயாத வாந்தி இவற்றில் ஏதேனும் இருந்தால், சோதனைக்கு நாள் பார்க்காமல் உடனே அழைத்துச் செல்லுங்கள்.