429 கோடியை உடைக்கும் 641

கேள்வி: 4294967297 என்ற எண்ணை 2, 3, 5, 7, 11, 13 என்று வகுத்துப் பார்த்தேன், எதிலும் மீதியில்லாமல் போகவில்லை. ஆனாலும் இது பகா எண் இல்லை என்கிறார்கள். கால்குலேட்டர் இல்லாத காலத்தில் இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

பதில்: நீங்கள் இன்னும் கொஞ்ச தூரம் போயிருக்க வேண்டும். 641 × 6700417 = 4294967297. நம்பிக்கை வராவிட்டால் தாளில் பெருக்கிப் பாருங்கள், இரண்டு நிமிட வேலைதான்.

இந்த எண் சும்மா வந்ததில்லை. இது 2³² + 1. இதற்கு முன்னால் 2¹, 2², 2⁴, 2⁸, 2¹⁶ ஆகியவற்றோடு ஒன்று கூட்டினால் 3, 5, 17, 257, 65537 கிடைக்கும், ஐந்துமே பகா எண்கள். இப்படியே அடுக்கை இரட்டிப்பாக்கிக்கொண்டு போனால் வருவதெல்லாம் பகா எண்தான் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். எவருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அடுத்த எண்ணிலேயே அது பொய்த்துப்போனது, 1732-இல் அதைக் காட்டியவர் சுவிஸ் கணித அறிஞர் ஆய்லர்.

சரி, எப்படி? கண்ணை மூடிக்கொண்டு வகுப்பதென்றால் இதன் வர்க்கமூலம் வரை, அதாவது 65536-க்குள் இருக்கும் 6542 பகா எண்களையும் பார்க்க வேண்டும். ஆனால் இந்த எண்ணை வகுக்கும் பகா எண் எதுவானாலும் அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே ஆக வேண்டும் என்று ஆய்லர் நிறுவினார். அந்த ஒரு விதி முக்கால்வாசி வேலையை முடித்துவிடுகிறது, ஏனென்றால் அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தாவது முயற்சியிலேயே அகப்பட்டுவிடும்!

வகுக்காமலே காட்டவும் வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 641 = 5 × 2⁷ + 1. அதனால் 5 × 2⁷-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1 (அதாவது 641-க்கு ஒன்று குறைவு) என்று எடுத்துக்கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. ஆனால் 5⁴ என்பது 625, அதாவது 641-க்கு 16 குறைவு, அதனால் அதன் இடத்தில் −2⁴ போடலாம். ஆக −2³²-க்கு மீதி 1, அப்படியானால் 2³² + 1-க்கு மீதி பூஜ்யம். பத்து இலக்க எண்ணைத் தொடாமலே வேலை முடிந்தது.

இதிலிருந்து இரண்டைக் கழித்துப் பாருங்கள், 4294967295 வரும். அது 3 × 5 × 17 × 257 × 65537, மேலே சொன்ன அதே ஐந்து பகா எண்களின் பெருக்கல். அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து வரையக்கூடிய, ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணங்களில் (எல்லாப் பக்கமும் எல்லாக் கோணமும் சமமானவை) நமக்குத் தெரிந்து மிகப் பெரியதற்கு இத்தனை பக்கங்கள். 1796-இல் 17 பக்க ஒழுங்குப் பலகோணத்தை இப்படி வரையலாம் என்று ஜெர்மன் கணித அறிஞர் காஸ் கண்டதில் தொடங்கிய விஷயம் இது. ஃபெர்மாவின் வரிசையில் ஆறாவதாக ஒரு பகா எண் கிடைத்தால் இதைவிடப் பெரியது வரும், இதுவரை கிடைக்கவில்லை.