விளையாட்டு டோக்கனை விற்கும் முன்: எதற்கு அனுமதி கொடுக்கிறீர்கள்?

கேள்வி: கீழக்கரையில் சங்குப் பொருள்கள் விற்கும் கடை வைத்திருக்கிறேன். பொறியியல் படிக்கும் என் மகன் இரண்டு ஆண்டுகளாக ஒரு பிளாக்செயின் விளையாட்டை ஆடிவருகிறான். 12,000 ரூபாய் கொடுத்து வாங்கிய ஒரு வீரன், நாற்பதுக்கும் மேற்பட்ட வாள் கேடயங்கள், ஆடிச் சேர்த்த நாணயங்கள் எல்லாவற்றையும் 'டோக்கன்' என்றே சொல்கிறான். டெலிகிராமில் ஒருவர் அந்த வீரனை மட்டும் 60,000 ரூபாய்க்குக் கேட்கிறார். அவர் அனுப்பும் இணைப்பில் வாலெட்டை (டோக்கன்களை வைத்திருக்கும் டிஜிட்டல் பணப்பையை) இணைத்து 'அப்ரூவ்' கொடுத்தால் போதுமாம். கொடுக்கலாமா? இவையெல்லாம் உண்மையில் எங்கள் சொத்துதானா? வரி உண்டா? ஒப்பந்த முகவரியை இத்துடன் அனுப்பியுள்ளேன்.

பதில்: அந்த இணைப்பில் அனுமதி கொடுக்க வேண்டாம். ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, டோக்கன்களில் உள்ள மூன்று வகைகளை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். உங்கள் தொழிலே அதற்கு நல்ல உதாரணம்.

சாதாரண இடம்புரிச் சங்கை நீங்கள் அளவு வாரியாகப் பிரித்து, எண்ணிக்கைக் கணக்கில் வாங்குகிறீர்கள். ஒரே அளவில் உள்ள ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் கொடுத்தால் எவரும் மறுப்பதில்லை. வலம்புரி அப்படியல்ல, ஒவ்வொன்றுக்கும் தனி விலை, தனிப் பேரம். பிளாக்செயின் என்பது பல கணினிகள் சேர்ந்து பராமரிக்கும் பொதுக் கணக்கேடு. அவற்றுள் ஒன்றான எத்தீரியத்தில் 2015-இல் முன்மொழியப்பட்ட இஆர்சி-20 தரநிலை, அதாவது டோக்கன்களுக்கான பொது விதிமுறை, முதல் வகைக்கானது. மகன் ஆடிச் சேர்த்த நாணயங்கள் பெரும்பாலும் இதில் அடங்கும். ஒரு நாணயத்துக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடு இல்லை, எத்தனை என்பது மட்டுமே கணக்கு. 2018 ஜனவரியில் முன்மொழியப்பட்ட இஆர்சி-721 வலம்புரிக்கானது. அதில் ஒவ்வொரு டோக்கனுக்கும் தனி எண் உண்டு, அந்த எண் இப்போது யாருடைய வாலெட்டில் இருக்கிறது என்பதை ஒப்பந்தமே, அதாவது பிளாக்செயினில் தானாக இயங்கும் நிரலே, சொல்லும்.

மூன்றாவது, அதே ஆண்டு ஜூன் மாதம் முன்மொழியப்பட்ட இஆர்சி-1155. விளையாட்டு நிறுவனங்களின் தேவையிலிருந்தே பிறந்த இதில், கடையின் மொத்த இருப்புக் கணக்கையும் ஒரே பேரேட்டில் எழுதுவது போல, ஒரே ஒப்பந்தத்துக்குள் பல வகைப் பொருள்களை வைத்துக்கொள்ளலாம். ஒரு வகையில் ஆயிரம் வாள்கள் இருக்கலாம், இன்னொரு வகையில் உலகத்துக்கே ஒரே ஒரு வீரன் இருக்கலாம், பல பொருள்களை ஒரே பரிவர்த்தனையில் மொத்தமாக அனுப்பவும் முடியும் என்பதால் பரிவர்த்தனைக்காகப் பிளாக்செயினில் செலுத்தும் 'கேஸ்' கட்டணமும் மிச்சமாகிறது. நீங்கள் அனுப்பிய முகவரியை, பிளாக்செயின் பதிவுகளைக் காட்டும் தளமான பிளாக் எக்ஸ்ப்ளோரரில் பார்த்தேன். உங்கள் மகனின் வீரனும் வாள் கேடயங்களும் இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்த ஒரே ஒப்பந்தத்தில்தான் இருக்கின்றன. உங்கள் கேள்விக்கான விடையும் இங்கேதான் இருக்கிறது.

இராமேசுவரம் பக்கம் டோக்கன் என்றால், விசைப்படகு கடலுக்குப் போக மீன்வளத் துறை தரும் அனுமதிச் சீட்டு என்றுதான் எல்லோரும் புரிந்துகொள்வார்கள். பிளாக்செயினில் டோக்கன் வேறு, அனுமதி வேறு. டோக்கன் என்பது சரக்கு. அந்தச் சரக்கை உங்கள் சார்பில் எடுத்து வேறொருவருக்கு மாற்ற இன்னொரு முகவரிக்கு நீங்கள் தரும் அதிகாரமே அனுமதி. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டுதான் பலர் பொருளை இழக்கிறார்கள்.

இஆர்சி-20-இல் அனுமதி கொடுக்கும்போது எவ்வளவு என்று வரம்பு போடலாம். இஆர்சி-721-இல் குறிப்பிட்ட ஒரு டோக்கன் எண்ணுக்கு மட்டும் அனுமதி தரலாம். ஆனால் இஆர்சி-1155 தரநிலையில் ஒரு பொருளுக்கு மட்டும் அனுமதி தரும் வசதியே வகுக்கப்படவில்லை. அதில் இருப்பது 'செட் அப்ரூவல் ஃபார் ஆல்' என்ற ஒரே கட்டளை. அதை ஒப்புக்கொண்டால், அந்த ஒப்பந்தத்தில் உங்கள் வாலெட்டிலுள்ள எல்லாப் பொருள்களையும், இனி அதில் வந்து சேரப்போகும் பொருள்களையும், நீங்கள் அனுமதியை ரத்து செய்யும் வரை அந்த முகவரி எடுத்துக்கொள்ளலாம். ஒரு வலம்புரியைக் காட்டச் சொன்னவரிடம் கடைச் சாவியையே கொடுத்ததாகிவிடும். வீரனை மட்டும்தானே விற்கிறோம் என்ற எண்ணத்தில் உங்கள் மகன் ஒப்புக்கொண்டால், வாள் கேடயங்களும் சேர்ந்தே போகக்கூடும்; ஒரு ரூபாயும் வராமலும் போகக்கூடும்.

டோக்கன்களை வாங்கி விற்கும் இணையச் சந்தைத்தளத்தில் விற்பனைக்கு வைக்கவும் இதே கட்டளைதான் தேவைப்படுகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. வேறுபாடு, யாருக்கு அந்த அதிகாரம் போகிறது என்பதில்தான். பலரும் பயன்படுத்தும் சந்தைத்தளத்தின் ஒப்பந்தம், வாங்குபவர் முழு விலையையும் செலுத்தும் அதே பரிவர்த்தனையில்தான் பொருளை மாற்றும். உண்மையாக வாங்க வருபவர் அங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம். அவருடைய தனி இணைப்புக்கு இதில் வேலையே இல்லை.

நான் பரிந்துரைக்கும் வழி சற்றுச் சுற்றானது, ஆனால் பாதுகாப்பானது. முதலில், இந்தப் பொருள்களை வேறு வாலெட்டுக்கு மாற்ற அந்த விளையாட்டு அனுமதிக்கிறதா என்று பாருங்கள். சில விளையாட்டுகள் சில பொருள்களைப் பூட்டி வைத்திருக்கும். அனுமதித்தால், மகன் புதிதாக ஒரு வாலெட் தொடங்கி, வீரனை மட்டும் அதற்கு அனுப்பட்டும். இரண்டு வாலெட்டுகளிலும் கேஸ் கட்டணத்துக்குச் சிறிதளவு அந்தப் பிளாக்செயினின் நாணயம் வேண்டும். புதிய வாலெட்டிலிருந்து சந்தைத்தளத்துக்கு அனுமதி கொடுத்துப் பட்டியலிட்டால், ஏதேனும் தவறு நடந்தாலும் போவது வீரன் மட்டுமே. இரண்டு வாலெட்டின் மீட்புச் சொற்களையும் (வாலெட்டைத் திரும்பத் திறக்க உதவும் இரகசியச் சொற்களையும்) காகிதத்தில் எழுதி வையுங்கள். கைப்பேசியில் படமெடுத்து வைக்க வேண்டாம், யார் கேட்டாலும் சொல்லவும் வேண்டாம்.

டெலிகிராம் நபர் ரூபாயை நேரடியாக வங்கிக் கணக்குக்கு அனுப்புவதாகச் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தப் பணம் வேறெங்கோ நடந்த மோசடியின் பணமாக இருந்தால், புகாரின் பேரில் முடக்கப்படுவது உங்கள் கணக்காக இருக்கும். கடையின் கணக்கும் அதுவே என்றால் சொல்லவே வேண்டாம்.

அடுத்தது, சொத்துதானா என்ற கேள்வி. வாலெட்டில் உள்ள டோக்கன் உங்கள் மகனுடையது என்பதில் ஐயமில்லை. ஆனால் தரநிலை உறுதிசெய்வது, அந்தப் பதிவு யாரிடம் இருக்கிறது, எப்படிக் கைமாறும் என்பதை மட்டுமே. வீரனின் உருவப்படம் பெரும்பாலும் பிளாக்செயினுக்கு வெளியே எங்கோ சேமிக்கப்பட்டிருக்கும். அவனுடைய வலிமையும் அவன் நுழையும் போர்க்களமும் நிறுவனத்தின் சர்வரில் இருக்கும். எஃப்1 டெல்டா டைம் என்ற கார்ப் பந்தய விளையாட்டில் 2019 மே மாதம் ஒரு காரின் டோக்கன் ஒரு லட்சம் டாலருக்கும் மேல் ஏலம் போனது. பந்தயப் பெயருக்கான உரிமம் முடிந்ததும், 2022 மார்ச்சில் அந்த விளையாட்டே மூடப்பட்டது. நிறுவனம் மாற்றுப் பொருள்கள் தர முன்வந்தது உண்மை. ஆனால் வாங்கிய கார் ஓட வேண்டிய பாதை இல்லாமல் போயிற்று. மகனின் வீரனுக்கு 60,000 ரூபாய் கேட்க ஆள் இருக்கிறது என்றால், விளையாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருப்பதே காரணம்.

போலிகளைப் பற்றியும் உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இயல்பிலேயே வலம்புரியாகச் சுருளும் வேறோர் இனத்தின் அமெரிக்கச் சங்கை வலம்புரி என்று சொல்லி விற்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வாய்க்குள் விரலை விட்டு, உள்தண்டில் அசல் சங்குக்கு உரிய மூன்று நான்கு மடிப்புகள் தட்டுப்படுகின்றனவா என்று தடவிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். டோக்கனில் அந்த மடிப்புக்குச் சமமானது ஒப்பந்த முகவரி. ஒரே பெயரையும் ஒரே படத்தையும் வைத்து எவரும் புதிய ஒப்பந்தம் உருவாக்கிவிடலாம். முகவரியை மட்டும் நகலெடுக்க முடியாது. மகன் இனி ஏதாவது வாங்குவதானால், விளையாட்டின் அதிகாரபூர்வத் தளத்தில் உள்ள முகவரியோடு முதல் நான்கு எழுத்துகளை மட்டுமல்ல, முழுவதையும் ஒப்பிட வேண்டும். கேட்காமலே வாலெட்டில் வந்து விழும் பொருள்களைத் தொடாமல் விட்டுவிடுவது நல்லது.

வரி உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் இத்தகைய டோக்கன்கள் உள்ளிட்ட மெய்நிகர் டிஜிட்டல் சொத்தின் லாபத்துக்கு 30 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் விதிக்கப்படுகின்றன. 60,000-க்கு விற்றால் வாங்கிய விலை 12,000 போக லாபம் 48,000. வரி 14,400, செஸ் 576, ஆக 14,976 ரூபாய். வாங்கிய விலையைத் தவிர வேறு செலவைக் கழிக்க முடியாது. வாள்களை நட்டத்துக்கு விற்றிருந்தாலும் அந்த நட்டத்தை இந்த லாபத்தில் ஈடுசெய்ய முடியாது. மகனுக்கு வேறு வருமானமே இல்லை என்பதும் இங்கே உதவாது, ஏனெனில் அடிப்படை விலக்கு வரம்பு இந்த வருமானத்துக்குப் பொருந்தாது. விலை கிரிப்டோ நாணயமாக வந்தால் அன்றைய ரூபாய் மதிப்பைக் குறித்து வையுங்கள். பின்னர் அதை ரூபாயாக மாற்றுவது தனிப் பரிவர்த்தனை.

பணமோ, பணமாக மாற்றக்கூடிய டோக்கனோ கட்டிப் பரிசை எதிர்பார்த்து ஆடும் ஆட்டங்களை 2025-ஆம் ஆண்டின் ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் தடை செய்கிறது. மகன் ஆடும் விளையாட்டில் அப்படிப்பட்ட பந்தயப் பகுதி இருந்தால் அதிலிருந்து விலகிக்கொள்ளட்டும்.

இன்று இரவே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எக்ஸ்ப்ளோரரில் டோக்கன் அனுமதிகளைக் காட்டும் பக்கத்தைத் திறந்து, மகனின் முகவரியை இட்டுப் பாருங்கள். அந்த இணைப்பில் அவன் ஏற்கெனவே ஒருமுறை 'அப்ரூவ்' அழுத்தியிருந்தால், அடையாளம் தெரியாத முகவரி ஒன்று பட்டியலில் தெரியும். அதை உடனே ரத்து செய்யுங்கள், அதற்கும் சிறு கேஸ் கட்டணம் ஆகும். பொருள் ஏற்கெனவே போயிருந்தால், பரிவர்த்தனை எண்ணையும் டெலிகிராம் உரையாடலையும் அழிக்காமல் எடுத்து வைத்துக்கொண்டு, சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.